கடலை எண்ணெயா, கலப்பட எண்ணெயா? கண்டுபிடிப்பது எப்படி?

சம்பளம் வந்த மறுநாள் மாலை எலெக்ட்ரானிக் சிட்டி நீலாத்ரி ரோட்டில் உள்ள மளிகைக் கடை எதிலும் கூட்டம் நெரியும். அரிசி, பருப்பு வாங்கிய பிறகு கடைசியாகக் கேட்பது எண்ணெய். "கடலெக்காய் எண்ணெ" என்று கன்னடத்தில் அச்சிட்ட பாக்கெட் ஒரு விலை. பக்கத்திலேயே அதே மஞ்சள் நிறத்தில் இன்னொரு பாக்கெட். விலை கொஞ்சம் குறைவு. அதற்கும் கீழே, தரையோடு ஒட்டி, பெயரே இல்லாத பிளாஸ்டிக் கேன். அதன் விலை இன்னும் குறைவு. மாதம் முழுவதும் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற காவலாளியும் கேன்டீன் தொழிலாளியும் எதை எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் ஹெப்பகோடியிலும் குடியிருக்கும் நம்மவர்களில் பலர், விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது ஊர்ச் செக்கில் ஆட்டிய எண்ணெயை டின்னில் கொண்டு வந்துவிடுவார்கள். அத்திப்பள்ளி தாண்டும்போது பஸ்ஸில் நல்லெண்ணெய் வாசனை அடிக்கும். அது தீர்ந்ததும் கடை எண்ணெய்தான். மூன்று நண்பர்கள் சேர்ந்து சமைக்கும் அறையில் எந்த எண்ணெய் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்கத்தான் வேண்டும். எண்ணெய் விஷமாகிப் பலர் உயிரிழந்த சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன.

டெல்லியில் நடந்தது

1998-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். டெல்லி ஆஸ்பத்திரிகளுக்குக் குடும்பம் குடும்பமாக நோயாளிகள் வந்தார்கள். எல்லோருக்கும் கால் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. வயிற்றுப்போக்கும் இருந்தது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்தது. ஆனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளுக்கு இந்த நோய் வருவதில்லை என்பது டாக்டர்கள் முன்பே அறிந்த விஷயம். சமையலில்தான் காரணம் இருக்கிறது என்பதற்கு அதுவே தடயம்.

காரணம் கடுகு எண்ணெய். அதில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்லும் இந்த முள் செடியை நம் ஊர்ப் பக்கம் தரிசு நிலத்திலும் ரோட்டோரத்திலும் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் பூ பூக்கும். கிள்ளினால் மஞ்சள் பால் வடியும். அதன் விதை கடுகைப் போலவே இருக்கும். தானாகவும் கடுகோடு கலந்துவிடும். வேண்டுமென்றே கலப்பவர்களும் உண்டு.

அந்த விதை எண்ணெயில் 'சாங்குவினரின்' என்ற விஷம் இருக்கிறது. இது உடம்பில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது. கசிந்த நீர் காலில் இறங்கி வீக்கமாகிறது. நோய் முற்றினால் இருதயம் பலவீனமடைகிறது; சிலருக்குக் கண்ணில் நீர் அழுத்தம் கூடிப் பார்வையும் பாதிக்கப்படுகிறது. இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. எண்ணெயை நிறுத்திவிட்டு, நீரை இறக்கும் மருந்து கொடுத்து, ஓய்வில் வைத்திருக்க வேண்டியதுதான். 1998-ல் டெல்லியில் ஏறத்தாழ 3,000 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இது புதிய நோயும் அல்ல. கல்கத்தாவில் 1877-லேயே பதிவான நோய். அடுத்த ஆண்டே மொரீஷியஸ் தீவுக்குப் போன இந்தியக் கூலித் தொழிலாளர்களிடையிலும் பரவியது. பிரம்மதண்டு விதைதான் காரணமாக இருக்கும் என்று கல்கத்தாவில் ஒரு டாக்டர் எடுத்துச் சொன்னது 1926-ல். அதற்குப் பிறகு 70 வருஷம் கழித்தும் தலைநகரிலேயே இப்படி நடந்தது என்றால், விஞ்ஞானத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

"நாங்கள் கடுகு எண்ணெய் வாங்குவதில்லையே" என்று நம் தாய்மார்கள் சொல்லலாம். ஆனால் இன்று ஓசூர் ரோடு நெடுகிலும் ஒடிசா, வங்காளம், பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள் நம் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். அவர்கள் சமையலுக்குக் கடுகு எண்ணெய்தான். கேன்டீன் சமையற்கட்டில் அதே எண்ணெய்ச் சட்டியில்தான் நம் வடையும் வேகிறது.

ஸ்பெயின் நாட்டுக் கேன்

1981 மே மாதம் ஸ்பெயினில், மாட்ரிட் நகரை ஒட்டிய பகுதியில் ஒரு சிறுவன் மூச்சுத் திணறி இறந்தான். சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் அதே நோயில் விழுந்தார்கள். முதலில் நிமோனியா என்று நினைத்தார்கள். மொத்தம் 20,000 பேர் வரை பாதிக்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்குத் தசையும் நரம்பும் நிரந்தரமாகப் பாழாயின.

குற்றவாளி, தொழிற்சாலை உபயோகத்துக்கென்று இறக்குமதியான ஒருவகைக் கடுகின எண்ணெய். யாரும் சாப்பிடக் கூடாது என்பதற்காக அதில் 'அனிலின்' என்ற ரசாயனத்தைச் சேர்த்திருந்தார்கள். அதை வாங்கிய வியாபாரிகள் அந்த ரசாயனத்தை நீக்கிச் சுத்தம் செய்வதாக நினைத்துச் சமையல் எண்ணெயாக விற்றார்கள். எப்படி விற்றார்கள் தெரியுமா? பெயர்ச்சீட்டு இல்லாத 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில், தெருத் தெருவாகக் கொண்டுபோய், குறைந்த விலைக்கு. வாங்கியவர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வேலை தேடி நகர்ப்புறத்துக்கு வந்த குடும்பங்கள். அந்த எண்ணெயில் கொன்றது எந்தப் பொருள் என்று இன்றுவரை திட்டவட்டமாக நிரூபிக்கப்படவில்லை.

நம் நாட்டில் 1988-ல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சமையல் எண்ணெயில் 'டிரைகிரசைல் பாஸ்பேட்' என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்துவிட்டது. நூற்றுக்கணக்கானோருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று. சாவு இல்லை என்பதால் பத்திரிகைகள் சீக்கிரமே மறந்துவிட்டன. நடக்க முடியாமல் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சோதனைக் குழாயில் சிவப்பு

இனி, பரிசோதனைக்கூடத்தில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

பிரம்மதண்டு எண்ணெய்க்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. சோதனைக் குழாயில் கொஞ்சம் எண்ணெய், அதே அளவு அடர்த்தியான நைட்ரிக் அமிலம். நன்றாகக் குலுக்கி நிறுத்தினால் அடியில் அமிலம் தங்கும். அது செம்பழுப்பு நிறமானால் சந்தேகம். ஆனால் மிகக் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனைக்கு அகப்படாது. அதைவிட நுட்பமானது பெரிக் குளோரைடு சோதனை. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஊசி ஊசியாகச் செம்பழுப்புப் படிகங்கள் தெரியும். (நைட்ரிக் அமிலம் தோலைப் பொசுக்கிவிடும். வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல இது.)

நல்லெண்ணெய்க்கு உள்ள சோதனை இன்னும் சுவையானது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு 'பர்பியூரல்' என்ற பொருளைச் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் ரோஜாச் சிவப்பாகிவிடும். மற்ற எண்ணெய்கள் அப்படி ஆவதில்லை. இந்தக் குணத்தை நம் அரசாங்கம் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக் கொண்டது. நெய்யில் வனஸ்பதி கலப்பதுதான் அந்நாளில் பெரிய மோசடி. கலந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். எனவே வனஸ்பதி தயாரிப்பவர்கள் ஒவ்வொருவரும் அதில் 5 சதவிகிதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நெய்யில் அமிலம் விட்டுச் சிவந்தால் வனஸ்பதி கலந்திருக்கிறது என்று பொருள். திருடன் சட்டையிலேயே சாயத்தைத் தடவி வைத்தது போன்ற ஏற்பாடு!

பருத்திக் கொட்டை எண்ணெய்க்கு ஒரு சோதனை, புங்க எண்ணெய்க்கு ஒன்று, ஆமணக்கெண்ணெய்க்கு ஒன்று என்று தனித்தனியே உண்டு. மினரல் ஆயில் எனப்படும் பெட்ரோலிய எண்ணெய்க்கு, எண்ணெயைச் சாராயத்தில் கரைத்த காரத்தோடு கொதிக்க வைத்து வெந்நீர் ஊற்றுவார்கள். தாவர எண்ணெய் சோப்பாக மாறித் தெளிந்துவிடும். பெட்ரோலிய எண்ணெய் சோப்பாகாது, கலங்கி நிற்கும்.

எத்தனுக்கு எத்தன்

இவையெல்லாம் பழங்காலக் கலப்படக்காரர்களுக்குப் போதும். இன்றைக்கு நடப்பது விஷக் கலப்படத்தைவிட அதிகமாக விலைக் கலப்படம். கடலை எண்ணெய் என்று விலை வாங்கிக்கொண்டு பாமாயில் கொடுப்பது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் கூலிக்காரரின் பணம் போகிறது.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் சில எண்கள் உண்டு. அயோடின் எண் என்பது அவற்றில் ஒன்று. கடலை எண்ணெய்க்கு அது 85 முதல் 99 வரை இருக்க வேண்டும். தேங்காயெண்ணெய்க்கு 10-ஐத் தாண்டாது. பாமாயிலின் தெளிந்த பகுதியான பாமோலினுக்கு 60-க்கு அருகில். சூரியகாந்திக்குப் பெரும்பாலும் 120, 130. இப்போது ஒரு மோசடிக்காரன் கணக்குப் போடுகிறான். பாமோலினையும் சூரியகாந்தியையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்தால் என்ன வரும்? 90-ஐ ஒட்டி வரும். பரிசோதனைக் காகிதத்தில் கடலை எண்ணெய் மாதிரியே தெரியும். உள்ளே ஒரு கடலைகூட இருக்காது!

இங்கேதான் பெல்லியர் சோதனை உதவுகிறது. கடலை எண்ணெயில் மட்டும் நீளமான கொழுப்பு அமிலங்கள் சில, நூற்றுக்கு ஐந்தாறு பங்கு இருக்கின்றன. எண்ணெயைச் சோப்பாக்கி, அமிலம் சேர்த்து, மெதுவாகக் குளிர வைத்தால் இந்த அமிலங்கள் முதலில் உறைந்து கலங்கலை உண்டாக்கும். சுத்தமான கடலை எண்ணெயில் அந்தக் கலங்கல் 39 முதல் 41 டிகிரிக்குள் தோன்றும். பாமோலின் சூரியகாந்திக் கலவையில் அந்த வெப்பத்தில் ஒன்றும் நடக்காது. குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால் 'காஸ் குரோமடோகிராப்' என்ற இயந்திரம் இருக்கிறது. எண்ணெயை ஆவியாகக்கூடிய பொருளாக மாற்றி, முடி போன்ற மெல்லிய நீண்ட குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வருகிறது. காகிதத்தில் மலைச் சிகரங்கள் போலக் கோடுகள் விழுகின்றன. அனுபவம் உள்ள ஆய்வாளர் அதைப் பார்த்தே, இதில் பாமாயில் எத்தனை பங்கு, சோயா எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவார். எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பொம்மசந்திராவிலும் மருந்துக் கம்பெனிகளும் உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகளும் வைத்திருக்கும் ஆய்வுக்கூடங்களில் ஓடுவதும் இந்த இனத்து இயந்திரங்கள்தான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அங்கே ஷிப்டில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்டால் இதைவிட விரிவாகவே விளக்குவார்கள்.

ஒரு விஷயம். இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்பதே குற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றும் குறைந்தது 20 சதவிகிதம் இருக்கும்படி, கலவை என்பதைப் பாக்கெட்டிலேயே எழுதி, பங்குகளையும் போட்டு விற்கச் சட்டம் இடம் தருகிறது. முன்பக்கம் பெரிய கடலைப் படம் இருக்கும். பங்கு விவரம் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படித்து வாங்க வேண்டும்.

சாமி விளக்குக்கென்று விற்கும் தீப எண்ணெயும் அப்படித்தான். நல்லெண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில், அதே மாதிரிப் பாட்டிலில், விலை குறைவாக நிற்கும். 'சமையலுக்கு அல்ல' என்ற வரி எங்கோ ஒரு மூலையில் இருக்கும். தமிழும் கன்னடமும் படிக்கத் தெரியாத வடநாட்டுப் பையன் அதை வாங்கிப் பொரித்தால் யார் பொறுப்பு?

கடலைக்குள் இருக்கும் விஷம்

மனிதன் கலக்காமல் இயற்கையே வைக்கும் விஷம் ஒன்று நம் கடலை எண்ணெய்க்கு உண்டு. அதன் பெயர் அப்ளாடாக்சின்.

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று செத்தன. தீவனத்தில் பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அந்தப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சைக் காளான் வளர்ந்து விஷத்தைச் சுரந்திருந்தது. இந்த விஷம் கல்லீரலைத் தாக்கும். நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். நம் நாட்டில் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழைகள் நூறு பேருக்கு மேல் மஞ்சள் காமாலையால் இறந்தார்கள். அதிலும் இதே விஷம்தான்.

அறுவடைக்கு முன் வறட்சி, பறித்த பிறகு சரியாகக் காயாமல் மூட்டை கட்டுவது, இவைதான் காளானுக்குக் கொண்டாட்டம். கர்நாடகத்தில் செல்லக்கெரே, பாவகடா பக்கமானாலும் நம் தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமானாலும் மானாவாரிக் கடலைக்கு இந்த அபாயம் உண்டு. இந்த விஷத்துக்கு வாசனை கிடையாது. ருசியும் மாறாது. எண்ணெயைக் கொதிக்க வைத்தாலும் முழுதாக அழியாது.

அளவு எவ்வளவு தெரியுமா? கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்று நம் சட்டம் முன்பு வரம்பு வைத்திருந்தது. பிறகு அதுவும் குறைக்கப்பட்டது. பத்து டன் கடலை ஏற்றிய லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 கணக்குப்படி, லாரி முழுவதிலும் சேர்ந்து கால் கிராமுக்குச் சற்று மேல் விஷம் இருந்தாலே வரம்பு வந்துவிடும்! அதைத்தான் ஆய்வாளர் தேடுகிறார். புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் இந்த விஷம் நீலமாகவும் பச்சையாகவும் ஒளிரும். அந்த ஒளியை அளந்து கணக்கிடுகிறார்கள்.

கடலையை ஆட்டும்போது விஷத்தின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெய்க்கு வருவது கொஞ்சம். ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அதுவும் போய்விடும். ஆகவே ரீபைண்டு எண்ணெயில் இந்தப் பயம் இல்லை. செக்கில் ஆட்டிய எண்ணெயில் சுத்திகரிப்பு கிடையாது. கடலை எப்படியோ எண்ணெயும் அப்படி. செக்கெண்ணெய் என்றாலே அமிர்தம் என்று இப்போது பெங்களூரில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். மரச்செக்கு எண்ணெயின் மணத்தில் எனக்கும் ஆசைதான். ஆனால் சுருங்கிய, கறுத்த, பூசணம் பட்ட பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட்டு ஆட்டியதா என்று கேட்டு வாங்குபவர்கள் குறைவு. நம் பாட்டிமார் செக்குக்கு அனுப்பும் முன் முறத்தில் புடைத்துச் சொத்தைப் பருப்பைத் தள்ளியது வெறும் பழக்கம் அல்ல.

மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 1970-களில் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். கடலை எண்ணெயில் உள்ள இந்த விஷத்தை வெயில் அழிக்கிறது என்பதே அது. எந்த விலையுயர்ந்த இயந்திரமும் தேவையில்லை என்பதால் ஏழை நாட்டுக்கு ஏற்ற கண்டுபிடிப்பு. சொத்தைக் கடலையை ஆட்டுவதற்கு இதைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

எங்கே கொடுப்பது?

டெல்லிச் சாவுகளுக்குப் பிறகு, 1998 செப்டம்பரில், எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. பெயர் இல்லாத கேனிலிருந்து அளந்து ஊற்றுவது அதற்கு எதிரானது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2011-ல் வந்த விதிகளும் அதையே சொல்கின்றன. பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண், ஆலையின் முகவரி இருக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையில் மாதிரி எடுத்தால் அதை நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார். ஒன்று பரிசோதனைக்குப் போகும். மற்றவை பின்னால் தகராறு வந்தால் மறுபடி சோதிக்க. ஆய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். தரக்குறைவு என்றால் அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை. உணவு விஷமாகி உயிர் போனால் குறைந்தது 7 வருஷம் சிறை. ஆயுள் தண்டனையும் உண்டு.

அதிகாரி வருவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொருள் வாங்கியவரே கட்டணம் கட்டிச் சோதனைக்குக் கொடுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 40-வது பிரிவு சொல்கிறது. கலப்படம் என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஆய்வாளரே அறிக்கையை மேலதிகாரிக்கு அனுப்பி, வழக்குக்கு வழி செய்வார். பெங்களூரில் பொது சுகாதார நிறுவனத்தில் மாநில உணவுப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. தனியார் கூடத்தில் கொடுப்பதானால், அரசின் அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். 40-வது பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 'இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்' என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம்! மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு கடனுக்குப் பொருள் கொடுக்கும் கடைக்காரரிடம், நம் தொழிலாளி எப்படி அதைச் சொல்வார்? சொன்னால் அடுத்த மாதம் நோட்டு மூடப்படும்.

தனியாகச் சொல்ல முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்து சொல்லலாம். ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள், ஒரே கேன்டீனில் சாப்பிடுபவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் சோதனைக் கட்டணம் பாரமாக இராது. ஒரே தொகுதி எண் உள்ள இரண்டு பாக்கெட் வாங்கி, பில்லையும் கேட்டு வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். பிரித்த பாக்கெட்டையும் வீட்டுப் பாத்திரத்தில் ஊற்றிய எண்ணெயையும் கொண்டுபோனால், 'நீங்களே கலந்திருக்கலாமே' என்று கடைக்காரர் தரப்பு கேட்கும். அப்படிக் கேட்டே தப்பித்தவர்கள் உண்டு.